நீலகிரி லில்லி: இனி வாங்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: ஊட்டியில் சாலையோரம் ‘நீலகிரி லில்லி’ என்று மூன்று கிழங்குகள் வாங்கினேன். கோவையில் மொட்டைமாடித் தொட்டியில் வைத்ததில் இரண்டு அழுகிவிட்டன. ஒன்று மட்டும், நடுவில் நட்டும் தொட்டி ஓரத்தில் முளைத்திருக்கிறது. இலை மஞ்சளாகிறது. பூக்குமா? வேறு கிழங்கு எங்கே கிடைக்கும்?

பதில்: கோவை மாடியில் பூக்கும் என்று நம்பாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 400-ஐச் சுற்றி. தென்னிந்திய மலைகளுக்கே உரிய லில்லி இது ஒன்றுதான். சோலை ஓரத்துப் புல்வெளியில், குளிர்ந்த இரவுகளில் வளர்ந்து, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நீண்ட வெள்ளைக் குழல் பூக்களை மணத்தோடு விரிக்கும். கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃப்ரிட்ஜ் உங்கள் ஊர் ஏப்ரல் இரவைக் குளிர்விக்காது.

இனி கிழங்கு விற்பவர்களைப் பற்றி. அவர்கள் தருவது பெரும்பாலும் வேறு செடி. வெங்காயம் போலக் காய்ந்த தோல் மூடியிருந்தால் அது லில்லியே அல்ல, பெயரில் மட்டும் லில்லியான மழை லில்லி வகையறா. உண்மையான லில்லிக் கிழங்குக்கு மேல்தோல் கிடையாது, செதில் செதிலாக இருக்கும். காற்றுபட வைத்தால் சீக்கிரம் வாடிவிடும். சாலையோரம் வெயிலில் பரப்பி வைத்ததை வாங்கினால் பாதி செத்ததைத்தான் வாங்குகிறீர்கள்.

உங்களிடம் மிஞ்சியது அசலாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை. இதன் தண்டு மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊர்ந்து, தள்ளிப்போய்த்தான் மேலே வரும். அசல் என்றால் காட்டிலிருந்து தோண்டியதாகவே இருக்கும். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம். நீலகிரிச் சோதனைச்சாவடியில் தடைசெய்த பிளாஸ்டிக் பாட்டிலை விரட்டி விரட்டிப் பிடிக்கிறார்கள், சரி. கோணிப்பையில் போகும் கிழங்கு யார் கண்ணிலும் படுவதில்லை. ஊட்டி மலர்க் கண்காட்சிக்குத் தொட்டி அடுக்குவதில் தோட்டக்கலைத் துறைக்கு இருக்கும் அக்கறையில் கால்வாசி இருந்தாலே, இதை விதையில் வளர்த்து ரசீதோடு விற்றிருக்கலாம்.

மலையில் வளரும் செடியைத் தொடாதீர்கள் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. மலையில் உங்களுக்கோ உறவினருக்கோ பட்டா நிலம் இருந்து, அதில் இது தானாக முளைத்திருந்தால் விதை எடுக்கலாம். பட்டா என்றால் பட்டாதான். வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் செடி உங்களுடையது அல்ல, எஸ்டேட் குத்தகையில் இருந்தாலும் உரிமையாளரைக் கேட்க வேண்டும். அங்கேயும் கிழங்கைத் தொடாதீர்கள். காய் பழுத்து வெடிக்கும் நேரத்தில் காகிதம் போன்ற தட்டை விதைகளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைச் செடியிலேயே விடுங்கள். பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இப்போது உங்கள் செடி. மஞ்சள் இலையை வெட்டாதீர்கள், அது காய்வதற்குள் கிழங்குக்குச் சாப்பாடு அனுப்புகிறது. தண்ணீரைக் குறையுங்கள். மணலும் இலைமட்கும் கலந்த, தண்ணீர் தேங்காத அகலமான மண்தொட்டி வேண்டும். காலை வெயில் மட்டும் போதும். வீட்டில் பூனை இருந்தால் அது நெருங்காத இடத்தில் வையுங்கள், லில்லியின் மகரந்தம்கூட அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இலை முழுதும் காய்ந்ததும், கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் கிழங்கை ஈரத் தென்னைநார்க் கழிவில் பொதிந்து அவரிடம் கொடுத்து, தோட்டத்தில் அரை அடி ஆழத்தில் நடச் சொல்லுங்கள்.