கதை சொல்லி ஆங்கிலம் நடத்த ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையா?

"ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்தைக் கதையாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். அதற்கு நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும், சான்றிதழ் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழைப் பற்றிக் கேட்டதை வைத்து, வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். தனியார் பள்ளியாகவும் இருக்கலாம். அங்கேதான் ஃபைலில் வைக்கக் காகிதம் கேட்பார்கள். தவறாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. வட்டார வள மையம், குறுவள மையம், ஆன்லைன் என்று எல்லாப் பணியிடைப் பயிற்சியிலும் உட்கார்ந்து எழுந்தாயிற்று. கதை சொல்லலுக்கென்றே நடந்தவையும் உண்டு. விரல் பொம்மை செய்தோம். காகிதத் தட்டில் சிங்க முகம் வரைந்தோம். குழுக் குழுவாகப் பிரிந்து 'கதை சொல்வதன் பயன்கள்' என்று சார்ட்டில் எழுதி ஒட்டினோம். கடைசியில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. இத்தனையிலும், எங்கள் முன்னால் நின்று ஒரு கதையை ஆங்கிலத்தில் முதலிலிருந்து முடிவு வரை யாரும் சொன்னதே இல்லை. பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

காரணம் கூச்சம்தான். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் தயங்காமல் பேசுகிற டீச்சர், நாலு ஆங்கில டீச்சர்களுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். 'ஷீ டோன்ட்' என்று நாக்குப் பிறழ்ந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டில் அதுதான் தொட்டுக்கொள்ள. எந்த மாட்யூலும் இந்தக் கூச்சத்தைத் தொடுவதில்லை.

இதைப் படித்துவிட்டுக் கருத்தாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நீங்களும் எங்களைப் போல வகுப்பெடுத்தவர்கள்தான். மேலேயிருந்து வருவதைச் சாயங்காலத்துக்குள் முடித்துப் பதிவேற்றச் சொன்னால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை.

எனக்குக் கதை சொல்லும் தொழிலைக் காட்டியது ஓர் ஆச்சி. (பாட்டி கதை என்று உருகப்போகிறேன் என நினைத்துத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வகுப்பறை நுணுக்கம் பற்றித்தான் பேசுகிறேன்.) அம்மா ஒரு நகரத்தார் வீட்டில் சமையலுக்குப் போவார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். அந்த வீட்டு ஆச்சி வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைந்துகொண்டே கதை சொல்வார். நான் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி ஆத்தா, தூங்கிட்டியா? நான் ஆருக்குச் சொல்றேன்?" என்பார். கெஞ்சினால்தான் மறுபடி ஓலையை எடுப்பார்.

அதிகம் சொன்னது அவர் கணவர் பர்மாவிலிருந்து வந்த கதை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எல்லையில் இருக்கிற தமு என்ற ஊர் வழியாக மலையும் காடும் கடந்து மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஆச்சி இப்படிச் சொல்வார்: "அவுக நடந்தாக. மழை பேஞ்சுச்சு. அவுக நடந்தாக. அரிசி தீந்து போச்சு. அவுக நடந்தாக." ஒவ்வொன்றுக்கும் நடுவே என் 'ம்'. சின்னச் சின்ன வாக்கியம், ஒரே வினை திரும்பத் திரும்ப, 'அப்புறம்?' என்று நானே கேட்கிறவரை ஒரு நிறுத்தம்.

அதே கதையை எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னேன். கையில் புத்தகமும் இல்லை, பொம்மையும் இல்லை. "ஹீ வாக்ட். இட் ரெயின்ட். ஹீ வாக்ட். தேர் வாஸ் நோ ரைஸ். ஹீ வாக்ட்." பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை, 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' சத்தம் இறங்கினால் புரியவில்லை என்று தெரிந்துவிடும். உடனே போர்டில் ஒரு கோட்டுப் படம் போட்டோ, நானே நடந்து காட்டியோ அதே வாக்கியத்தை மறுபடி சொல்வேன். 'புரிந்ததா?' என்று கேட்டால் புரியாதவனும் சேர்ந்து 'எஸ் டீச்சர்' என்பான்.

அரிசி இல்லை என்று சொன்ன இடத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "டீச்சர், வாட் ஹீ ஈட்?" என்றான். 'டிட் எங்கே?' என்று அங்கேயே பிடித்திருந்தால் அத்தோடு உட்கார்ந்திருப்பான். "வாட் டிட் ஹீ ஈட்? ஹீ ஏட் லீவ்ஸ்" என்று பதிலுக்குள்ளேயே சரியான கேள்வியை வைத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். அந்தப் பீரியட் முழுக்க 'டிட்' இல்லாத கேள்விகளாகவே வந்தன. நானும் 'டிட்' போட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பல வாரம் கழித்துத்தான் சிலருக்கு ஒட்டியது. எல்லோருக்கும் ஒட்டிவிட்டது என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புகிற பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தது அந்தக் கதையில்தான்.

'போர்ஷன் எப்படி முடியும்?' என்பீர்கள். துணைப்பாடக் கதையைப் புத்தகம் திறப்பதற்கு முன் இப்படிச் சொல்லிவிடுங்கள், பிறகு வாசிப்பது சீக்கிரம் முடியும்.

இது ஆச்சி கண்டுபிடித்த வித்தை என்று சாதிக்கவில்லை. கேட்பது புரியும்போதுதான் மொழி பிடிபடுகிறது என்று ஸ்டீபன் க்ராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980-களிலேயே எழுதினார். கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே, சொன்னதைச் செய்துகாட்டச் சொல்லும் ஜேம்ஸ் ஆஷரின் முறையோடு கதையையும் சேர்த்து, ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்கும் பாணியை உருவாக்கினார். கேட்டால் மட்டும் போதாது, பேசவும் எழுதவும் வைக்க வேண்டும் என்று க்ராஷனை மறுப்பவர்களும் உண்டு. இந்தப் பெயர்களையெல்லாம் நான் கேள்விப்பட்டது ஒரு பயிற்சியில்தான். பயிற்சி வீண் இல்லை என்று மேலே சொன்னது அதனால்தான்.

அந்தப் பயிற்சிக்கு வெளி மாவட்டத்துக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். அறிமுகத்தில் நான் காரைக்குடி என்றதும் பின்னால் இருந்து ஒரு குரல், "ஓ, செட்டிநாடு சிக்கன்!" எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி முடிகிறவரை எனக்குப் பெயரே அதுதான். நான் சைவம். சிவப்பாக எண்ணெய் மிதக்க எதைச் செய்தாலும் எங்கள் ஊர்ப் பெயரை மாட்டிவிடுகிறார்கள். அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டியையோ, வெள்ளைப் பணியாரத்தையோ, கும்மாயத்தையோ இவர்கள் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருப்பார்களா? சரி, கேள்விக்கு வருகிறேன்.

காகிதம்தான் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பெங்களூரில் 1963 முதல் தென்னிந்திய மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே ஒரு மண்டல நிறுவனம் நடக்கிறது. அரசுப் பள்ளி என்றால் துறை மூலமாகத்தான் அனுப்புவார்கள். 1974-இல் சென்னையில் தொடங்கிய எல்டாய், ஆங்கில ஆசிரியர்களின் சங்கம். அதில் உறுப்பினரானால் மாநாடு, இதழ், இணையவழிக் கூட்டங்கள் என்று ஏதாவது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் செய்வது வேறு. பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் சிலரும் நானும் பள்ளி விட்ட பிறகு ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். கணக்கு சார் ஒருவரும் வருகிறார், ஆங்கிலத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒருவர் எழுந்து நின்று புத்தகம் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். நடுவில் இலக்கணம் திருத்தக்கூடாது. முடிந்ததும், எந்த இடத்தில் 'ம்' இறங்கியது என்று மட்டும் சொல்லலாம். தலைவர், செயலாளர், வருகைப் பதிவேடு, போட்டோ எதுவும் கிடையாது. கணக்கு சார் முதலில் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்டமாட்டார். இப்போது அவரை உட்கார வைப்பதுதான் எங்களுக்குப் பாடு.

உங்கள் பள்ளியிலும் தோதான ஒருவரைப் பிடித்து ஆரம்பியுங்கள். எச்.எம்.மிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் அறிக்கை கேட்பார். கதைத் தொகுப்பு பிடிஎஃப் இருக்கிறதா என்று யாரும் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. நேற்று உங்கள் ஊர் பஸ்ஸில் நடந்த சண்டையைப் பத்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அது போதும்.