கை மரத்துப் போகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கை மரத்துப் போகிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்? (தொண்டி)

எந்தக் கை, எந்த விரல், என்ன வயது, சர்க்கரை உண்டா? ஒன்றையும் எழுதாமல் மாத்திரை கேட்டால் எப்படி? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்தால் கார்ப்பல் டனலாக இருக்கலாம், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. சுண்டுவிரல் என்றால் அது வேறு நரம்பு. விரலைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வலை தைப்பவள் நான். ராத்திரியில் விரல் எரிந்து, எழுந்து கையை உதறுகிறேன். பகலெல்லாம் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் கட்டு) போட்டும் குறையவில்லை. (தங்கச்சிமடம்)

ராத்திரி போடுங்கள் அம்மா. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போதுதான் நரம்பு அதிகம் நசுங்குகிறது. கடையில் வாங்கும் ஸ்பிளிண்டில் உள்ளே ஒரு தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை உருவி, நேராக்கிச் செருகுங்கள். ஆறு வாரமாவது விடாமல் போட வேண்டும். வலை ஊசியை இறுக்கிப் பிடிக்காமல், இடையிடையே கையை ஆறப் போடுங்கள்.

ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு கையும் மரக்கிறது. (மண்டபம்)

உடம்பில் நீர் கோர்ப்பதால் வருவது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதுவரை ராத்திரி ஸ்பிளிண்ட் போதும்.

சர்க்கரை இருக்கிறது. மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா? (கீழக்கரை)

போடலாம். சில வாரம், சில மாதம் நன்றாக இருக்கும், திரும்பவும் வரலாம். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், கவனியுங்கள்.

அம்மா கடலில் பாசி எடுப்பவர். ஒரு வருஷமாக நரம்பு ஊசி போடுகிறோம். இப்போது ஜாக்கெட் கொக்கிகூட மாட்ட முடியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிவிட்டது. (பாம்பன்)

இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை, வாராவாரம் அந்த ஊசியைப் போட்டவர் மேல். நரம்பு ஊசி என்பது பி வைட்டமின். மணிக்கட்டின் குறுக்கே கெட்டியான பட்டை ஒன்று இருக்கிறது. அதற்கடியில் நரம்பு நசுங்குகிறது. வைட்டமின் எப்படி அந்த இடத்தை அகலமாக்கும்? பி12 குறைந்தவர்களுக்கு அந்த ஊசி வேண்டும்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தம் பார்த்துவிட்டுப் போடுங்கள். பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் நரம்பே கெடும். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்க்கிற கை அது, ஒரு வருஷத்தை வீணாக்கியிருக்கிறார்கள்.

சதை வற்றிய பிறகு ஸ்பிளிண்டை நம்பி உட்கார வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று மின்சாரம் வைத்துப் பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவைப்படும். சர்க்கரை, தைராய்டு இரண்டும் பாருங்கள். அறுவை சிகிச்சை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

தைலம் தேய்த்து நீவலாமா? (ஏர்வாடி)

மெதுவாகத் தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டை அழுத்தி நீவ வேண்டாம். அப்புறம், ராத்திரி ஸ்பிளிண்ட்!