லீவிலும் தீராத களைப்பு

நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், முடி உதிர்வு, மறதி என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், மகள்: "சில நாட்கள் இரவு டியூட்டி முடிந்து படுக்கும்போது, இப்படியே எழும்பாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது." நான் பதில் எழுதுவது அந்த வரிக்கு.

மற்றவற்றை முடித்துவிடுகிறேன். தூக்கமில்லாத மூளை மறக்கத்தான் செய்யும். 31 வயதில் அதற்கு மூளைக் கட்டி வேண்டியதில்லை. இரவில் ஐந்து பிளேன்டீ குடித்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபினையும் தைரோயிட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடுவதை இன்றோடு விடுங்கள்.

வேலைக் களைப்பு என்று மூன்று மாதம் பொறுத்திருக்கிறீர்கள். களைப்பு இருக்கத்தான் செய்யும். மலையகத்தில் தமிழ் தெரிந்த தாதிக்குத் தன் விடுதியோடு (வார்டோடு) வேலை முடிவதில்லை. பக்கத்து விடுதியில் தோட்டத்து அம்மாவுக்குப் பேச்சு விளங்காவிட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா இறந்துவிட்டார் என்பதை வைத்தியர் சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதைத் தமிழில் சொல்லி, "மிஸ், இன்னொரு தரம் பாருங்க மிஸ்" என்று கெஞ்சும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள். எந்த ரோஸ்டரிலும் இது எழுதப்படுவதில்லை.

ஆனால் வேலைக் களைப்பு லீவில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். நீங்களோ நான்கு நாள் வீட்டில் இருந்தும், ஓடி வந்த பிள்ளையைத் தூக்க மனமில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறீர்கள். எனக்கு இது மனச்சோர்வு நோயாகவே படுகிறது. மனநல வைத்தியர் பார்த்து உறுதிசெய்யட்டும். மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம்; இடையில் விட்டுவிடாதீர்கள்.

தூங்குவதற்காகத் தோழி தரும் டயசிபாம் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வைத்தியர் எழுதாத மாத்திரையை ஒரு நோயாளிக்குக் கொடுப்பீர்களா? பிறகு உங்களுக்கு மட்டும் எப்படி? அது உடம்பில் நாட்கணக்கில் தங்கும், பழக்கமாகும், சோர்வைக் கூட்டும். மூன்று மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினாலோ வலிப்பே வரலாம். எப்படிக் குறைப்பது என்பதை வைத்தியர் சொல்வார். கைப்பையில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை இன்றே கணவரிடம் கொடுங்கள். வைத்தியரைக் காணும்வரை அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். மருந்து அலுமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த எண்ணம் வரும்போது, பார்த்துக்கொள்ளலாம் என்று என்னால் இருக்க முடியாது.

அந்த எண்ணத்தோடு எப்படி, எப்போது என்பதும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிடமும் தனியாக இருக்காமல், துணைக்கு ஆளோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் இரவிலும் பேசலாம். பொலிஸ் வருமோ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை.

ஃபைலில் ஏறிவிடும், தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், தாதி வேலை போய்விடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டே விடுதியைத் திறமாக நடத்தும் தாதியரை நான் அறிவேன். சொந்த வைத்தியசாலையில் கூச்சமாக இருந்தால் கண்டிக்கோ பேராதனைக்கோ போங்கள். ஹட்டனிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலை திரும்பிவிடலாம்.

இதை வாசிக்கும் பொறுப்புத் தாதியரே, விடுதியில் மரணம் நடந்த இரவுக்கு மறுநாள் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள். அடுத்த இரவு டியூட்டியை மாற்றிக் கொடுங்கள். மன அழுத்தப் பயிற்சி வகுப்பை அதற்குப் பிறகு வைக்கலாம்.

மகள், இந்த வாரமே போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. வைத்தியருக்கு முன்னால் வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கொடுத்து, மேலே உள்ள அந்த ஒரு வரியை விரலால் காட்டுங்கள்.