அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை எப்படி நிறுத்துவது?

யாங்கூனில் அடுத்த வீட்டுப் பையன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறான், நம் மகன் கடையில்தான் நிற்கிறான். ஜெபத்திலும் இதுவே உறுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதாகமத்தில் யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பேதுரு இன்னொரு சீஷனைக் கண்டு, 'இவன் காரியம் என்ன' என்கிறான். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்கிறார் இயேசு. தம் ஆடுகளை, அதாவது தம் மக்களை, மேய்க்கும் பொறுப்பைச் சற்று முன்புதான் பேதுருவிடம் கொடுத்திருந்தார்.

உறுத்தும்போதே அந்தப் பையன் பெயரைச் சொல்லி, அவன் வேலைக்காகவும் சுகத்துக்காகவும் ஜெபியுங்கள். முதலில் வாய்தான் பேசும், மனம் வராது, பரவாயில்லை, விடாதீர்கள். பிறகு மகனிடம் அன்று கண்ட ஒரு நல்லதை, கடைக்கணக்கில் அவன் காட்டிய நேர்மையைப் போல, குறிப்பாகச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: 'அவர்களைவிட நாங்கள் மேல், ஸ்தோத்திரம்' என்பது லூக்கா 18-இல், தன்னை நீதிமான் என்று எண்ணி மற்றவர்களை அற்பமாகப் பார்த்த பரிசேயனின் ஜெபத்தைப் போன்றது. அதுவும் ஒப்பீடுதான். மகன் காதுபட அடுத்த வீட்டுப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.