வாசகர் கேள்வி – பதில்: சிங்கத்துக்கு இன்னொரு காடு எதற்கு?

கேள்வி (ஆரணி வாசகர்): குஜராத்தில் 2020இல் 674 ஆக இருந்த சிங்கங்கள், 2025 கணக்கெடுப்பில் 891 ஆகிவிட்டனவாம். இவ்வளவு பெருகிய பிறகும் அவற்றில் சிலவற்றை வேறு காட்டில் குடியமர்த்த வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: நெல்லுக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள், விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைத்து, அதில் பூச்சி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசியச் சிங்கம் காட்டில் வாழும் இடம் உலகிலேயே குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி ஒன்றுதான். அவையும் ஜூனாகத் நவாபின் பாதுகாப்பில் தப்பிப் பிழைத்த ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவை என்பதால், மரபணு வேறுபாடு மிகக் குறைவு.

2018 செப்டம்பரில் அங்குள்ள கிர் காட்டின் கிழக்குப் பகுதியில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் சிலவற்றிடம் கண்டறியப்பட்டது. அதே வைரஸ்தான் 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்களைக் கொன்றது. நம் ஏரிக்கரையில் செத்த மாட்டைப் போட்டால், விடிவதற்குள் நாய்கள் வயிற்றைக் கிழித்து, விலா எலும்பு வரை நக்கியிருக்கும் அல்லவா? கிர் ஓரத்து ஊர்களில் அப்படி நாய் வாய்வைத்த மாட்டின்மேல் சிங்கமும் வந்து வாய்வைக்கிறது. புலியைப் போலத் தனித்துத் தின்னாமல், தாயும் குட்டிகளும் உடன்பிறந்த பெண்சிங்கங்களுமாக ஒரே இரையில் முகத்தோடு முகம் உரசித் தின்பதால், ஒன்றுக்கு வந்த நோய் குடும்பத்துக்கே பரவுகிறது. அந்த 891இல் பாதிக்கு மேல் காப்பகத்துக்கு வெளியே, ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே திரிகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டது. சிங்கம் வரும் என்று ஊர்களையே இடம்பெயர்த்துக் காத்திருந்த அந்தக் காட்டில், 2022இல் நமீபியாவின் சிவிங்கிப்புலிகள் இறங்கின! குஜராத்துக்குள்ளேயே பர்டா சரணாலயத்தில் இப்போது சிங்கங்கள் குடியேறியிருப்பது நல்லதுதான். ஆனால் அதுவும் சௌராஷ்டிரமே என்பதால், அதை இரண்டாவது குதிர் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (காட்பாடி வாசகி): வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்களில் உள்ள யாளிகளைப் பார்த்த என் மகள், நம் பக்கத்தில் சிங்கம் இருந்ததா என்று கேட்கிறாள்.

பதில்: நர்மதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை, யாளி சிற்பியின் கற்பனை. உண்மையான ஆசிய ஆண்சிங்கத்துக்குப் பிடரி குட்டையாக இருப்பதால் காதுகள் வெளியே தெரியும். வயிற்றின் அடியில் நீளவாக்கில் ஒரு தோல்மடிப்பு தொங்கும். அடுத்த முறை போகும்போது, யாளியின் வயிற்றில் அந்த மடிப்பு இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.