அட்டையின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுப் பிடியுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசா, வயது 46. சனிக்கிழமை லண்டனில் நடக்கும் ஊர்வலத்துக்கு யூனியன்காரர்கள் கோச் பஸ் விடுகிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் வாருங்கள் என்கிறார்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இதுவரை ஒரு கோஷம்கூடப் போட்டதில்லை. போகலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா? 46 வயதுக்காரரைத் தம்பி என்று கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊர்த் தெருவில் நான் முதன்முதலாக நின்றபோது எனக்கு 53.

போகலாம். அமைதியாகக் கூடி நிற்கும் உரிமையை 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் இங்கே இருக்கும் எல்லோருக்கும் தந்திருக்கிறது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல. ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்று உங்கள் விசா நிபந்தனைகளில் எங்கும் இல்லை. போலீசுக்கு ஆறு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கும் வேலை ஏற்பாடு செய்கிறவர்களுடையது, நடக்கிறவர்களுடையது அல்ல. சனிக்கிழமை உங்களுக்கு லீவு என்பதால் முதலாளிக்கும் இதில் பேச்சில்லை.

இவ்வளவும் தெரிந்தபிறகும் பயம் போகாது. எனக்கும் போகவில்லை. நான் 2001இல் வந்தவன். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லட்சக்கணக்கானவர்கள் ஹைட் பார்க்கை நோக்கி நடந்தார்கள். நான் மத்திய லண்டனில் ஒரு பஸ்ஸின் மாடியில் மாட்டிக்கொண்டு, வேலைக்குத் தாமதமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது இங்கே சோபாவில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் வீரம் காட்டினேன். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று சொல்லி வளர்த்த வீடு. அதை விசா பயம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான். குடியுரிமை வாங்கிப் பத்து வருடம் ஆன பிறகும் அதே பெயர்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் முதன்முதலாகத் தெருவில் நின்றது 2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது. அவன் இதே நாட்டில், கார்டிஃபில் பிறந்தவன். ஆனால் அதற்குள் பல ஊர்களில் கலவரம். ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைத்தார்கள். அடுத்து எங்கெங்கே போவது என்று ஒரு பட்டியல் சுற்றியது. எல்லாம் குடிவரவு வக்கீல் அலுவலகங்களும் ஆலோசனை மையங்களும். அதில் ஒன்று கிழக்கு லண்டனில் எங்கள் வால்தம்ஸ்டோவில், ஹோ ஸ்ட்ரீட்டில். மதியமே கடைகளை மூடி, சிலர் கண்ணாடிக்கு முன்னால் ப்ளைவுட் அடித்துவிட்டார்கள். நான் வழக்கமாகப் பால் வாங்கும் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு, "சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்று கையைக் காட்டினார்.

சரி, வீட்டுக்குத்தான் போனேன். போனால் மகள் இல்லை. ஹோ ஸ்ட்ரீட்டில் இருக்கிறேன் என்று மெசேஜ். எனவே தம்பி, நான் போராடப் போகவில்லை, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். போய்ப் பார்த்தால், கலவரக்காரர்களை எதிர்த்து நிற்க வந்தவர்கள் தெரு நிரம்பி ஆயிரக்கணக்கில். கடைகளை உடைக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தவர்களைக் காணவே காணோம். தலையில் முக்காடு போட்ட பாட்டி ஒருத்தி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள். மகளைத் தேடிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா, "ஒரு நிமிஷம் இதைப் பிடிங்களேன்" என்று தன் கையிலிருந்த கோஷ அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். கூட்டம் நகர்ந்தது. அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்த அட்டையை நான்தான் பிடித்திருந்தேன். கீழே போட மனம் வரவில்லை. கைமாற்றிக் கைமாற்றித் தோள்பட்டை விட்டுப்போனது.

வாய் திறப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பள்ளிக்கூடப் பிரேயரில் பாட்டுத் தெரியாதவன் உதட்டை மட்டும் அசைப்பானே, அப்படி அசைத்தேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பு தெரு முழுக்கக் கேட்கும் என்ற கூச்சம். பிறகு யாரோ, "யாருடைய தெரு?" என்று கத்த, கூட்டம் "எங்கள் தெரு!" என்று பதில் சொல்ல, கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கட்டுகிற ஞாபகம் வந்தது போலிருக்கிறது, என் குரலும் சேர்ந்து வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாலு அடி தள்ளி மகள். அவள் முகத்தில் இருந்தது பெருமையா வெட்கமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் அகதிகளுக்கு வரவேற்பு. பின்பக்கம் நான் கேள்விப்பட்டிராத ஒரு கட்சியின் பெயர், அதன் பத்திரிகைக்கு விளம்பரம், உறுப்பினராகச் சேர அழைப்பு! இங்கே அட்டைகளை அச்சடித்து இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட அமைப்புகள்தான். என் விஷயத்தில் அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஆனால் எல்லா அட்டையும் அப்படியல்ல. தடை செய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படி ஒரு பொருளை வெளியில் அணிந்தாலோ காட்டினாலோ, 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றம். நமக்கெல்லாம் தெரிந்த புலிகள் அமைப்பும் 2001 முதல் இங்கே அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு யாராவது கொடியைக் கையில் திணித்தால், நான் வாங்கியதுபோல வாங்கிவிடாதீர்கள். முடிந்தால் உங்கள் அட்டையை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

நாக்கும் அப்படித்தான். அதே மாலை அதே தெருவில் மைக்கில் பேசிய ஒரு கவுன்சிலர், கழுத்தை அறுக்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொல்லிக் கைதானார். ஓராண்டு கழித்து ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்த ஓராண்டை விசாவில் இருக்கும் ஒருவர் எப்படிக் கழிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தால் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. அங்கே மறியல் செய்தால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சோறு போட்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். இங்கே கைது என்றால் கைதுதான். ஸ்டேஷன், கைரேகை, போட்டோ, டி.என்.ஏ. எல்லாம் உண்டு. ஆகவே பாதையை மாற்று, இந்த இடத்தைவிட்டு நகரு என்று போலீஸ் நிபந்தனை போட்டால், யூனியன்காரர் முறைத்தாலும் நீங்கள் நகர்ந்துவிடுங்கள். தெரிந்தே மீறுவது குற்றம். 2022இல் சட்டம் மாறிய பிறகு, நிபந்தனை தெரியாமல் மீறினாலும், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்றால் குற்றம். கம்பியில் தன்னைப் பூட்டிக்கொள்வதை 2023 சட்டம் தனிக் குற்றமாக்கிவிட்டது. அந்த எண்ணத்தோடு பூட்டு, பசை எடுத்துச் செல்வதும் அதில் அடக்கம். அந்தப் பக்கம் நிற்கவே வேண்டாம்.

எப்படியோ மாட்டிக்கொண்டால், ஸ்டேஷனில் வக்கீல் இலவசம், சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம். "சின்ன விஷயம், ஒரு காஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்களேன்" என்று சொன்னால், களைப்பில் தலையாட்டிவிடாதீர்கள். காஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கும் போலீஸ் எச்சரிக்கை. விசா விண்ணப்பத்திலும், நாளைக்குக் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைப் பகுதியிலும் அதை எழுத வேண்டியிருக்கும். ஊர்வலத்துக்குப் போனது யார் கணக்கிலும் வராது, இது வரும். ஆரஞ்சு அங்கி போட்டவர்கள், போலீஸ் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளும் சட்டப் பார்வையாளர்கள். வக்கீல் நம்பர் அச்சிட்ட சின்ன அட்டை தருவார்கள், பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிர்நீல மேலங்கி போலீஸ்காரர்கள் ரொம்ப நன்றாகப் பேசுவார்கள். எந்த ஊர், என்ன வேலை, யாரோடு வந்தீர்கள் என்பார்கள். அப்படிப் பேசுவதும் அவர்கள் வேலைதான். வணக்கம் சொல்லுங்கள், வெயிலைப் பற்றிப் பேசுங்கள், போதும்.

இனி யாரும் சொல்லாத விஷயம், மூத்திரம். நம் வயதில் கொள்கையைவிட அது முக்கியம். 2001 மே 1 அன்று ஆக்ஸ்போர்ட் சர்க்கஸில் போலீஸ் கூட்டத்தைச் சுற்றி வளைத்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் வெளியே விடாமல் வைத்திருந்தது. கழிப்பறை கிடையாது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதைச் சட்டமீறல் இல்லை என்றுவிட்டது. உங்கள் சனிக்கிழமை ஊர்வலத்தில் அப்படி நடக்கப்போவதில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் கூட்டத்தின் நட்டநடுவில் நெருங்கி நிற்காமல் ஓரமாக நடங்கள், சந்து எங்கே பிரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோச்சை விட்டு இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூ வேண்டாம்.

வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் போய், போனிலும் சார்ஜ் இல்லாமல், இரவு பத்தரைக்கு மகளோடும் அட்டையோடும் வாசலில் நின்றேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அட்டையை மட்டும் வாங்கினாள். மறுநாள் காலையில் பார்த்தால் அட்டை ரீசைக்கிளிங் பெட்டியில் கிடந்தது. குச்சியைத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடிக்கு ஊன்றிக் கட்டியிருந்தாள்.