ஐ ஓ சைக்கோலஜி மாஸ்டர்ஸுக்கு எந்த கெம்பஸ் நல்லம்?

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில இருந்து நீங்க கேட்டிருக்கிறது, எச்.ஆர்.ல ரெண்டு வருஷம் வேல செஞ்சிட்டன், ஐ ஓ சைக்கோலஜில, அதான் வேலையிடத்துல உள்ள ஆக்களப் பத்தின உளவியல்ல, மாஸ்டர்ஸ் செய்ய ஆசை, அமெரிக்காவா லண்டனா, எந்த கெம்பஸ் நல்லம் எண்டு. பேர்போன கெம்பஸ் லிஸ்ட் ஒண்ட நான் தர மாட்டன், ஏனெண்டா நானும் அப்பிடி ஒரு லிஸ்ட்ட வச்சித்தான் அப்ளை பண்ணி ஒரு வருஷத்தத் துலைச்சனான்.

நான் மட்டக்களப்புல ஒரு கார்மன்ட்ல ஆள் எடுக்கிற வேலையில இருந்தன். வாகரைப் பக்கமிருந்து புள்ளையள் விடியச்சாமம் பஸ் ஏறி வருங்கள், கை பழகி வாற நேரம் பாத்து வேலைய விட்டுட்டுப் போயிருங்கள், மேல உள்ளவங்க சம்பளம் காணாதாம் எண்டு கதைய முடிச்சிருவாங்க, ஆனா நான் வீடு வீடாப் போய்க் கேக்கக்குள்ள ஒருத்தி சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் ஏசினதச் சொல்லி அழுதா, இன்னொருத்தி இரவு பஸ்ஸால இறங்கி இருட்டுக்குள்ள தனிய நடக்கிற பயத்தச் சொன்னா. புள்ளையள் ஏன் போகுதுகள் எண்டுற அந்தக் கேள்விதான் என்னப் படிக்க அனுப்பின.

மறுகாதான் விளங்கின, இந்தப் படிப்பு ரெண்டு பாதி. ஐ (இன்டஸ்ட்ரியல்) பக்கம் ஆள் தெரிவு, டெஸ்ட், ஒரு வேலைக்கு என்னென்ன திறமை வேணுமெண்டு பிரிச்சுப் பாக்கிறது. ஓ (ஓர்கனைசேஷனல்) பக்கம் ஊக்கம், தலைமைத்துவம், ஆக்கள் ஏன் நிக்காங்க ஏன் போறாங்க எண்டுறது. எல்லா இடத்துலயும் ரெண்டும் படிப்பிப்பாங்கதான், ஆனா அங்க உள்ள சேர்மார்ட ஆராய்ச்சி எந்தப் பக்கமோ உங்கட தீசிஸும் அங்கதான் இழுபடும். நான் முதல் அப்ளை பண்ணின இடத்துல முக்காவாசிப் பேர் டெஸ்ட் ஆராய்ச்சி, என்ட கேள்விக்கு அங்க ஆளே இல்ல, அதப் பாக்காமலே எழுதி அனுப்பினன். அதனால சியோப் எண்டுற சங்கத்தின்ட, அதான் அமெரிக்க உளவியல் சங்கத்தின்ட 14ஆவது பிரிவு, வெப்சைட்ல ப்ரோக்ராம்கள்ற விபரம் இரிக்கி, அதுல தொடங்கி ஒவ்வொரு சேரும் கடைசியா எழுதின பேப்பர்களத் தேடி வாசிங்க.

காசு விசயம். அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் பொதுவா ரெண்டு வருஷம், கன இடத்துல சொந்தக் காசுதான், பிஎச்டிக்குத்தான் பீஸ் இல்லாம உதவித்தொகையும் சேத்துக் குடுக்கிறது வழமை. வளவ ஈடு வைக்க முதல் ஃபுல்பிரைட் எண்டுற அமெரிக்க அரசாங்கத்தின்ட ஸ்கொலர்ஷிப்புக்குப் போட்டுப் பாருங்க. இந்தப் பாடம் அங்க ஸ்டெம், அதான் விஞ்ஞானம் தொழில்நுட்பம் கணிதம் மாதிரியான பாடங்கள்ற, கணக்குல வாறதால முடிச்ச பிறகு 12 மாசமும் மேல 24 மாசமும் வேல செய்ய இடமிரிக்கி, ஆனா ப்ரோக்ராம் அந்த ஸ்டெம் பாடக் கோட்லதான் பதிஞ்சிரிக்கா எண்டு எழுத்துல கேளுங்க, சிலது பேரளவுல இதே மாதிரி இருந்தும் மெனேஜ்மன்ட் கோட்ல கிடக்கும். லண்டன் பக்கம் இதுக்குப் பேர் ஒக்கியுபேஷனல் சைக்கோலஜி, ஒரு வருஷத்துல முடியும், ஆனா உங்கட முதல் டிகிரி சைக்கோலஜியா இருந்தாலும் அந்த மாஸ்டர்ஸ் மட்டும் வச்சி அங்க சைக்கோலஜிஸ்ட் எண்டு பதிய ஏலாது.

புள்ளிவிபரத்துக்குப் பயந்து அது குறைஞ்ச ப்ரோக்ராமத் தேடாதீங்க. அத விட்டா இது வெறும் எச்.ஆர். டிப்ளோமாதான்.

இப்ப அங்க படிக்கிற ஆக்களுக்கு மெயில் போடுங்க, போன வருஷம் முடிச்சவங்க எங்க வேலையில இரிக்காங்க, இன்டர்ன்ஷிப்ப கெம்பஸ் தேடித் தந்ததா தாங்களே அலைஞ்சதா எண்டு கேளுங்க, எனக்கு ஒரு சீனப் புள்ள ரெண்டு பக்கத்துக்குப் பதில் போட்டா, அத வாசிச்சித்தான் நான் முடிவெடுத்த. எஸ்.ஓ.பி.ல, அதான் ஏன் படிக்கப் போறன் எண்டு அப்ளிகேஷனோட எழுதிக் குடுக்கிற கட்டுரையில, சின்ன வயசுக் கனவெல்லாம் வேணாம், இந்த ரெண்டு வருஷத்துல உங்கட வேலையில கண்ட ஒரு ஆளின்ட கதையில இருந்து தொடங்குங்க. எழுதினா அனுப்புங்க, பாத்துத் தாறன்.